சாயக்காரன் ரத்தம்

எங்கள் தெருவுக்கு வாய் பெரிது. பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவுக்குச் சின்ன வாய் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாதுதான். இருந்தாலும் எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் கூடுதல். விடிகாலையில் தறிக்குப் போகிற பாவு நூலைத் தெருவில் விரித்துக் கஞ்சி போடும்போது ஒரு முனையில் ஒருத்தன் வாய்விட்டது, பாவு காய்வதற்குள் மறுமுனைக்குப் போய் வேறு கதையாகத் திரும்பி வந்துவிடும். அந்த வாயில் அர்ஜுனன் விழுந்து அரைபட்டதைச் சொல்கிறேன். நான் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள். அவன் அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் ராட்டினத்தில் நூல் இழைப்பேன், அந்தப் பக்கம் அண்ணன் கண்ணாயிரம் தறி நெய்வார். அர்ஜுனன் குடித்தனம் அதே தெருவில் தனியாக.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடியில் அந்தத் தறி நின்றது. முதலில் காலில் வீக்கம். பிறகு முகம் ஊதி, கண் இடுங்கி, மனிதர் யாரோ மாதிரி ஆகிவிட்டார். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாராவாரம் பஸ் ஏறிப் போய் மிஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வரவேண்டும். உப்பு கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. தண்ணீர்கூட அளந்துதான். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ஜெயம்மாள் போடும் சத்தம் ராத்திரி பகல் கேட்கும்.

"ஈரத்துண்ட வாயில வச்சு உறிஞ்சிக்கினு இருக்கிறியே, உனக்கே நல்லா இருக்குதா? மூச்சு முட்டுதுன்னு அப்புறம் என் உசுர எடுப்ப!"

"நாக்கு ஒட்டிக்குதுடி. ஒரு முழுங்கு குடு. ஒரே முழுங்கு."

"டாக்டர் வையறாருய்யா!"

"டாக்டரா இங்க தாகத்துல கெடக்கிறான்?"

இரண்டு பேரும் அழுவார்கள். நான் ராட்டினத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். வேறென்ன செய்ய?

மிஷினை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது, கூடப் பிறந்தவர் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் சொன்னார். அப்படி ஒரு வைத்தியம் உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். ஒருத்தர் உறுப்பை அறுத்து இன்னொருத்தருக்கு வைப்பதாம். தெருவே வாயைப் பிளந்தது. அர்ஜுனன் மட்டும், "அவ்ளோதானே? என்னுத எடுத்துக்கச் சொல்லு," என்றான், சட்டையைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி.

அர்ஜுனனுக்கு வேலை சாயப்பட்டறையில். கட்டுமஸ்தான ஆள். பட்டு நூலை அண்டாவில் சோப்புத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வேகவைத்து, சாயத்தில் முக்கி முறுக்கிப் பிழிகிற கை. முழங்கை வரைக்கும் எந்த நாளும் ஏதாவது ஒரு நிறம் ஏறியிருக்கும். அவனுடைய அக்கா மணியம்மாளை ஐயம்பேட்டையில் கொடுத்திருந்தார்கள். அக்காவையும் கேட்டுப் பார்க்கலாமா என்று யாரோ இழுத்ததற்கு, "நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது பொம்பளை உடம்புல கத்தி வைக்கிறதா?" என்று சண்டைக்கே போய்விட்டான்.

அவன் வேலூருக்குப் புறப்பட்ட அன்றைக்குக் குமரகோட்டத்தில் அவன் பேரில் அர்ச்சனை. தெருவில் மாலை போட்டார்கள். காலனாவுக்குப் பிரயோஜனமில்லாதவர்கள்கூட அவன் தோளைத் தட்டி, "தம்பின்னா இவன்தான்யா தம்பி" என்றார்கள். அவன் பெண்டாட்டி செல்லியம்மாள் ஒரு மாதமாக அவனுக்குத் தினம் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதெல்லாம் அவள் கண் கலங்கியிருக்கும். அதை நான் பார்த்தேன். ஜெயம்மாளும் பார்த்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

துணைக்கு நானும் வேலூர் போயிருந்தேன். ரத்தப் பிரிவு பொருந்தியது. படம் எடுத்ததில் இரண்டு கிட்னியும் நன்றாக இருந்தன. எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சின்ன வயது டாக்டர், பேச்சு தன்மையாக இருக்கும்.

"இவர் ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. காமாலைக் கிருமி. ஆஸ்திரேலியா டெஸ்ட்னு ஒண்ணு புதுசா செய்யறோம், அதுல தெரிஞ்சது. இவரோட கிட்னியை எடுக்க முடியாது."

கண்ணாயிரம் ஒன்றும் புரியாமல் விழித்தார். "ஆஸ்திரேலியாவா? என் தம்பி திருத்தணி தாண்டிப் போனதில்லீங்களே."

"அது பேருங்க. அந்த ஊர்க்காரர் ரத்தத்துலதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. இவருக்கு எப்பவாவது காமாலை வந்திருக்கா? கண்ணு, உடம்பெல்லாம் மஞ்சளா?"

"இல்லவே இல்லீங்க," என்றான் அர்ஜுனன். நாங்கள் எல்லோரும் இல்லை என்றோம். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தோம்.

"நான்தான் நல்லா இருக்கிறேனே டாக்டர்! பத்து ஆளு வேலைய ஒருத்தனா செய்யறேன். கிருமி இருந்தா இருந்துட்டுப் போவுது, எடுத்துப் போடுங்க."

"உங்களை அது ஒண்ணும் பண்ணாம சும்மா இருக்கலாம். ஆனா மாத்தி வச்ச கிட்னியை உடம்பு வேத்தாள்னு அடிச்சுத் துரத்தப் பார்க்கும். அதனால உடம்போட எதிர்ப்பை மருந்து கொடுத்து அடக்கி வைப்போம். அந்த நேரத்துல இந்தக் கிருமி உங்க அண்ணன் உடம்புக்குள்ள போனா, தடுக்க ஆள் இருக்காது. ஈரலைத் தின்னுடும். கிட்னி கொடுத்து நாமளே அவரைக் கொன்ன மாதிரி ஆயிடும்."

அன்றைக்கே ஊர் திரும்பினோம். பஸ்ஸில் வாலாஜா, காவேரிப்பாக்கம், தாமல் ஏரி எல்லாம் போயின. மழை தூறிக்கொண்டிருந்தது. ஜெயம்மாள் கம்பியைப் பிடித்தபடி முன் சீட்டையே முறைத்துக்கொண்டு வந்தாள். அர்ஜுனன் இரண்டு தரம் "அண்ணி" என்றான். அவள் திரும்பவில்லை.

மறுநாள் குழாயடியில் வெடித்தது. செல்லியம்மாள் குடத்தைக் கீழே வைத்ததும் ஜெயம்மாள் ஆரம்பித்தாள்.

"திருப்தியாடி உனக்கு? முட்டை அவிச்சு அவிச்சுக் குடுத்தியே, அதுல இன்னாத்தக் கலந்த?"

"அக்கா! இன்னா பேச்சு இது?"

"எனக்குத் தெரியாதா? மூலையில உக்காந்து மூக்கச் சிந்திக்கினு இருந்தியே. எம் புருசன் போனா எனக்குத்தானே போச்சு, உனக்கு இன்னா? நல்லா இருக்கிற ஆளுக்குத் திடீர்னு காமாலை எங்கேர்ந்துடி வரும்?"

"அழுதேன். என் ஊட்டுக்காரரை அறுக்கப் போறாங்கன்னு அழுதேன். அழாம இருக்க நான் இன்னா கல்லா? ஆனா போவாதேன்னு ஒரு வார்த்தை சொன்னேனா கேளு!"

செல்லியம்மாள் வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போனாள். அவ்வளவுதான், தெருவுக்குத் தீனி கிடைத்துவிட்டது. மாலை போட்ட கைகளே திரும்பிக்கொண்டன. பயந்துபோய் எதையோ தின்று ரத்தத்தைக் கெடுத்துக்கொண்டான் என்று ஒருத்தன். ஊமத்தங்காய் என்று இன்னொருத்தன். ஆஸ்பத்திரியில் ஆளைப் பிடித்துப் பொய்யாக எழுதவைத்தான் என்று மூன்றாவது ஆள். பட்டறை முதலாளி பூவராகவன் நல்ல மனிதர்தான். அவரே, "இஷ்டமில்லைன்னா நேராவே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாராம்.

அர்ஜுனனுக்கு அதற்குப் பிறகு நிற்க உட்கார முடியவில்லை. கொதிக்கிற அண்டாவில் குச்சி போடாமல் கையை விட்டுச் சுட்டுக்கொண்டான். கீழாநெல்லியை அரைத்து விடியற்காலையில் சொம்பு சொம்பாகக் குடித்தான். அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் வருவான், திரும்பிவிடுவான். உள்ளே கண்ணாயிரத்தின் மூச்சு அறுப்பு மிஷின் மாதிரி இழுத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் என் வாசலில் வந்து நின்றான்.

"பட்டக்கா, என்கூட வேலூருக்கு வா. திரும்ப டெஸ்ட் எடுக்கச் சொல்லப் போறேன். நான் வந்து சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீ சொன்னா நம்புவாங்க."

போனோம். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் அதேதான். அவன் அப்படியே சுவரோடு சரிந்துவிட்டான். டாக்டர் அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். தூக்கியவர் நகத்தைப் பார்த்து, "இது என்ன மஞ்சள்?" என்றார்.

"சாயங்க. மாம்பழ மஞ்சள். தேச்சாலும் போவாது."

"கையில மட்டும்தானா?"

"வேர்வை பட்டா கழுத்து, மூஞ்சி எல்லாம் ஏறும். ரெண்டு வருசம் முந்தி ஒரே மஞ்சள் ஆர்டரா வந்துச்சு. அந்தப் பங்குனி முழுக்க மஞ்சத்தண்ணிதான் எங்களுக்கு. அப்பல்லாம் கண்ணுகூட..."

அவன் பேச்சு அங்கேயே நின்றது. டாக்டரும் நானும் அவன் முகத்தையே பார்த்தோம்.

"கண்ணு மஞ்சளா இருந்துச்சுங்க," என்றான் மெதுவாக. "சாயப் பொகைன்னு நெனச்சோம். சோறு எறங்கல. மீன் வாசனை அடிச்சாலே வாந்தி. ஒண்ணுக்குப் போனா கடுகெண்ணெ மாதிரி. சாயம் உள்ள போயிடுச்சு, தானா வெளிய வருதுன்னு பட்டறையில சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

எனக்குச் சுரீர் என்றது. அந்தப் பங்குனி எனக்கும் ஞாபகம் இருந்தது. தலையணை உறை மஞ்சளாகிவிட்டது என்று செல்லியம்மாள் திட்டிக்கொண்டே வெளுத்தாள். திருக்கல்யாணத்துக்குப் போனபோது அவனைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு நலங்கு வச்ச மாதிரி இருக்கிறான் பாரு" என்று கேலி செய்து எங்களை எல்லாம் சிரிக்கவைத்தது ஜெயம்மாள்தான். வேறு வேலை செய்கிறவனாக இருந்தால் தெருவில் எந்தக் குழந்தை பார்த்தாலும் காமாலை என்று சொல்லியிருக்கும். சாயக்காரன் மஞ்சளாக இருந்தால் யார் என்ன கேட்பார்கள்?

"அப்ப வந்த காமாலை போயிடுச்சு. கிருமி மட்டும் ரத்தத்துலயே தங்கிடுச்சு," என்றார் டாக்டர். "சரியா கொதிக்க வைக்காத ஊசியில வந்திருக்கலாம், வேற எப்படியாவதும் வந்திருக்கலாம். நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல. ஒரே பந்தியில சாப்பிட்டா ஒட்டாது. ரத்தம் மட்டும் யாருக்கும் கொடுக்காதீங்க."

"எங்க அண்ணனுக்கு நான் ஏற்கனவே ஒட்டவச்சிருந்தா?"

"அவருக்கும் இதே டெஸ்ட் ஒவ்வொரு தடவையும் செய்யறோம். கொடுக்கிறவர் மட்டும் சுத்தமா இருந்தா பத்தாது, வாங்கிக்கிறவரும் இருக்கணும். இதுவரைக்கும் அவருக்கு இல்ல. நாள் கடத்தாதீங்க. உங்க அக்கா ஒருத்தர் இருக்காங்க இல்ல?"

ஊர் வந்ததும் நான் நேரே ஜெயம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நலங்குப் பேச்சைச் சொன்னபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வாயைத் திறந்து, தப்புதான் என்று சொல்லவில்லை.

"சரி, அவன் பொய் சொல்லலன்னே இருக்கட்டும். எம் புருசனுக்கு இப்ப யாரு?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மணியம்மாளை ஜெயம்மாள் கேட்க முடியாது. நாத்தனாரும் அண்ணியும் பேசி ஏழெட்டு வருஷம் ஆயிற்று. வளைகாப்பில் பரிமாறியதில் வந்த சண்டை. கடைசியில் அர்ஜுனன்தான் போனான், என்னையும் இழுத்துக்கொண்டு. ஐயம்பேட்டையில் மழைக்கு ஓலை வேய்ந்த தறிக்கூடம் ஒழுகிக்கொண்டிருந்தது. மணியம்மாளும் அவள் புருஷன் வீரபத்திரனும் ஒரே தறியில் உட்கார்ந்திருந்தார்கள். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் வருகிற கோர்வைச் சேலை. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் ஒரு பக்கம் நூல் ஓடுகிற நாடாவைப் போட, அவள் மறுபக்கத்தில் கரை நாடா போட்டுக்கொண்டிருந்தாள்.

அர்ஜுனன் உட்காரவில்லை. "அக்கா, நான் பெரிய இவனாட்டம் பேசினேன். எனக்குக் கொடுப்பினை இல்ல. நீதான் குடுக்கணும்," என்றான்.

வீரபத்திரன் நாடாவைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். "நல்லா இருக்குது மச்சான் நியாயம். உங்க ஊட்டுல ஒரு சாவு சோறுக்குக்கூட இவளக் கூப்பிடல. இப்ப அறுக்கறதுக்குக் கூப்பிடறீங்களா?"

"மாமா, கால்ல விழறேன்."

"வுழு. வுழுந்தா ஆச்சா? இவ படுத்துட்டா இந்தப் பக்கம் எவன் உக்காருவான்? இவளுக்கு ஒண்ணு ஆனா நான் இன்னா செய்யறது? எனக்கு இவள வுட்டா யாரு இருக்கா?" சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அவர் தறியைப் பற்றிப் பேசவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மணியம்மாள் அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தாள். முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள். "அண்ணன் எப்படிடா இருக்குது?"

"ஈரத்துண்ட உறிஞ்சிக்கினு இருக்குது அக்கா."

அவள் தறிக்குழியிலிருந்து எழுந்தாள். "ஏங்க, நான் போயி ரத்தத்தையாவது காட்டிட்டு வரேன். சேரலன்னா வந்துடறேன். சேர்ந்துச்சுன்னா அப்புறம் நீங்களும் நானும் பேசிக்கலாம்."

"சேர்ந்துச்சுன்னா நீ எங்க என்கிட்ட பேசப்போற," என்றார் வீரபத்திரன். ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு அவரும் கூடவே புறப்பட்டார்.

சேர்ந்தது. அந்த ஆஸ்திரேலியாவும் இல்லை என்று வந்தது. முடிவு சொல்லும் வரைக்கும் ஜெயம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். சுத்தம் என்றதும் மணியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மணியம்மாள், "பசிக்குது அண்ணி, இன்னா கட்டிக்கினு வந்த?" என்றாள். புளிச்சோற்றைப் பிரித்தோம். வீரபத்திரனும் மணியம்மாளும் அதன் பிறகு மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார், அழுதுகொண்டே போட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் நாலு பாட்டில் ரத்தம் கேட்டார்கள். எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி, மாற்றிக்கொள்வார்களாம். நான் ஊருக்கு வந்து தெருவில் சொன்னேன். ஆகா, நீங்கள் பார்த்திருக்கவேண்டுமே! அர்ஜுனனைக் கோழை என்றவர்கள் ஒவ்வொருத்தரும் எப்படிக் கழன்றுகொண்டார்கள்! ஒருத்தனுக்குப் பெண் பார்க்க வருகிறார்களாம். ஒருத்தன் ஐயப்பனுக்கு மாலை போடப்போகிறானாம். ஊமத்தங்காய் கதை கட்டியவன் எனக்குப் பயந்து கூரத்துக்குப் போய் மூன்று நாள் மாமியார் வீட்டில் இருந்தான். தூ! என் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் போய்ப் படுத்தேன். உனக்கே ரத்தம் இல்லையம்மா, கீரை சாப்பிடு என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள். அர்ஜுனன் கையைப் பிசைந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு சொட்டு கொடுக்க அவனுக்கு வழியில்லை. வீரபத்திரன் ஒரு பாட்டில் கொடுத்தார். பூவராகவன் பஸ் ஏறி வந்து ஒன்று கொடுத்தார். அங்கே படிக்கிற பையன் ஒருத்தன் ஒன்று கொடுத்தான்.

நாலாவது ஜெயம்மாள். ஊசியைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனாள். நான் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்திருந்தேன். என் கை எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கினாள். "முருகா, முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டே கிடந்தாள். ரப்பர் குழாயில் ரத்தம் ஓடும்போது ஒரு தரம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. எழுந்த பிறகும் ரொம்ப நேரம் முழங்கையை மடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அர்ஜுனன் காப்பி வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் காலையில் அண்ணனையும் தங்கையையும் உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு எங்கள் பாடு சொல்லி மாளாது. செல்லியம்மாள் சாமி பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீரபத்திரன் கேட்டுக்கும் வராந்தாவுக்கும் நடந்து நடந்து காலில் கொப்புளம் போட்டுக்கொண்டார். ஜெயம்மாள் உட்காருவாள், எழுவாள், யாராவது வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தால் ஓடுவாள். அர்ஜுனன் எல்லோருக்கும் தள்ளி, செருப்பு விடுகிற இடத்தில் குந்தியிருந்தான். மத்தியானம் மணியம்மாளை வெளியே கொண்டுவந்து, நன்றாக இருக்கிறாள் என்று வார்டுக்கு அனுப்பினார்கள். வீரபத்திரன் கட்டிலோடேயே ஓடினார். கண்ணாயிரத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பொழுது சாயும்போதுதான் நர்ஸ் லில்லி வந்தாள். ராணிப்பேட்டைப் பெண். கண்ணாயிரத்தை மிஷினில் ஏற்றிய நாளிலிருந்தே எங்களுக்குப் பழக்கம்.

"ஜெயம்மா, மூத்திரம் வந்துடுச்சும்மா! தையல் போடறதுக்குள்ளயே பீச்சிக்கினு வந்துச்சாம். பாட்டில் நிறைஞ்சுது!"

"மூத்திரம் வந்துடுச்சு!" என்று கத்தினாள் ஜெயம்மாள். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "செல்லி, உங்க மாமாவுக்கு மூத்திரம் வந்துடுச்சுடி!" அவளும் செல்லியம்மாளும் கட்டிக்கொண்டார்கள். குழாயடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர்கள் தொட்டுக்கொண்டது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

"ஒருத்தர் மட்டும் வாங்க," என்றாள் லில்லி. "கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்னு ஒரு நிமிஷம் பார்த்துட்டு வந்துடணும். இன்னிக்கு வேற யாரையும் விடமாட்டாங்க."

ஜெயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். நாலடி போனவள் நின்றாள். பிறகு திரும்பிச் செருப்பு விடுகிற இடத்துக்கு வந்தாள்.

"ஒரு பாட்டில் குடுக்கறதுக்கே நேத்து எனக்கு உசுரு போயி உசுரு வந்துதுப்பா," என்றாள். "எழுந்து ஓடிடலாமான்னு இருந்துச்சு. நீ உள்ள இருக்கிறதையே எடுத்துக்கோன்னு சிரிச்சுக்கினு வந்து நின்ன. உன்னையும் உன் பொண்டாட்டியையும் நான் எப்படியெல்லாம் பேசிட்டேன். என் வாயில புத்து வைக்க." லில்லி பக்கம் கையைக் காட்டினாள். "நீ போ. நீ போயிப் பாரு."

"அண்ணி, நீங்க போங்க..."

"போடான்னா!"

அவள் அவனை அதுவரைக்கும் டா போட்டதில்லை. அர்ஜுனன் எழுந்து லில்லியின் பின்னால் போனான். ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். எங்களுக்கு அது தீரவே இல்லை. வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"தூங்கிக்கினு இருக்குது அண்ணன். மூச்சு நல்லா வுடுது," என்றான். "கட்டிலுக்குக் கீழ பாட்டில் தொங்குது அண்ணி. சொட்டு சொட்டா விழுந்துக்கினே இருக்குது. அக்காவுது நல்லா வேலை செய்யுது."

சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான். இத்தனை மாதத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதான்.

"என்னுதும் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கும் அண்ணி."

ஜெயம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "செஞ்சிருக்கும்பா," என்றாள். "செஞ்சிருக்கும்."